கடன் எப்போது அறமாகும்?

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் ஓர் இளம்பெண் தறி போடவோ தையற்கடை திறக்கவோ முன்வரும்போது, அவளுக்குக் கைகொடுப்பது தானமா, கடமையா? கடமையே. இம்மண்ணில் குடி தாய்வழியே வருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் வீட்டை மகளுக்கே சீதனமாகக் கொடுத்துவந்தவர்கள். வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் ஊர்கள் இவை. நீதி கேட்ட பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டு, தொழில் கேட்கும் பெண்ணுக்கு இரக்கம் மட்டும் காட்டுவது அந்த வழிபாட்டுக்கே பொருந்தாது. வள்ளுவரும் ஈகைக்கு முன்னதாகவே, கடமையாகிய ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்.

கடன் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். உள்நாட்டுப் போருக்குப் பின் வாரத்தவணை நுண்கடன்கள் இலங்கையின் கிழக்கில் பரவின. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று பெண்கள் சிக்கினார்கள். 2018இல் மத்திய வங்கி ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்குமளவுக்கு நிலைமை முற்றியது. நட்டம் முழுவதையும் வாங்கியவள் தலையில் கட்டும் உதவி அறமாகாது. வட்டியை விலக்கும் இஸ்லாமிய மரபு, இலாபத்தில் பங்கு கேட்பவர் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும் என்கிறது. இலவசமாகக் கொடுத்தால் பொறுப்பு வராது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆகவே முதல் திரும்பட்டும். ஆனால் தவணை அறுவடையையும் மீன்பாட்டையும் அனுசரிக்கட்டும். பொருள் தேடுவது ஆன்மிகத்துக்குப் பகை என்பாரும் உண்டு. துறவியான விபுலானந்த அடிகள் பிறர் தம் காலில் நிற்கப் பள்ளிகளை வளர்த்தார். துறவு தனக்கானது, வறுமையைப் பிறர்மேல் சுமத்த அது உரிமை தராது. கோயில் நிதியும் பள்ளிவாசல் நிதியும் வட்டியில்லா முதலாக இப்பெண்களைச் சென்றடைய வேண்டும்.