மீண்டும் மாணவராக அமர்தல்

திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் படியேறத் தொடங்கும் பக்தர்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேண்டுதலைச் சுமந்தே ஏறுகின்றனர். மகளின் திருமணம், மகனின் வேலை, தீராத நோய், அடைபடாத கடன் என்று அது பலவாறாக இருக்கும். எதையும் வேண்டாமல் ஏறுபவர் மிகச் சிலரே. ஆயினும் வேண்டுதலோடு வந்தவர் என்ற காரணத்திற்காக ஏழுமலையான் சந்நிதியில் எவருக்கும் தரிசனம் மறுக்கப்படுவதில்லை.

அதே திருப்பதியில், 1954-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவர பல்கலைக்கழகத்திற்கும் ஒரு வேண்டுதலோடு வருவோர் உண்டு. அவர்கள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றும் ஆசிரியர்கள். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ என்னும் பயிற்சி நிலையங்களை நிறுவியது. அவை 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023-இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின. அவற்றுள் ஒன்று திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. புதிதாகப் பணியேற்றவர்களுக்கு அறிமுகப் பயிற்சி, அனுபவம் பெற்றவர்களுக்கு அவரவர் துறையில் புத்தொளிப் பயிற்சி என்பது தொடக்க கால ஏற்பாடு. முன்னது நான்கு வாரங்களும் பின்னது மூன்று வாரங்களும் நடைபெற்றன. இன்று பல பயிற்சிகள் இணையவழியிலும் நடைபெறுகின்றன.

இப்பயிற்சிகளில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் பதவி உயர்வுக்குத் தேவைப்படுகிறது. எனவே வருகின்ற பலரின் மனத்தில் முதலில் நிற்பது பாடமன்று, சான்றிதழே. இதைக் கண்டு ஏளனம் செய்வோர் உண்டு. ‘பயனுக்காக அமர்ந்திருப்பவன் என்ன கற்கப் போகிறான்?’ என்று அவர்கள் கேட்கின்றனர். குடும்பப் பொறுப்புள்ள ஓர் ஆசிரியர் ஊதிய உயர்வை விரும்புவதில் என்ன தவறு என்பது மறுசாராரின் வாதம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இவ்விரண்டிற்கும் அடியில் ஒரு தர்மக் கேள்வி மறைந்திருக்கிறது: கற்பிப்பவர் கற்பதை நிறுத்திவிட்டால், கற்பிக்கும் உரிமை அவரிடம் எஞ்சி நிற்குமா?

தந்தையும் மகனும்

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஒரு வரலாறு வருகிறது. கல்வியை முடித்துவிட்டதாக எண்ணிய சுவேதகேது, பாஞ்சால நாட்டு அவைக்குச் செல்கிறான். அரசர் பிரவாஹண ஜைவலி அவனிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறார். ஒன்றுக்கும் அவனிடம் விடையில்லை. அவமானம் தாங்காமல் தந்தையிடம் ஓடிவந்து முறையிடுகிறான். தந்தை கௌதமரோ பெரும் ஆசிரியர். எனினும், தாம் அறிந்த அனைத்தையும் மகனுக்குக் கற்பித்துவிட்டதாகவும், இக்கேள்விகளுக்குத் தமக்கும் விடை தெரியாதென்றும் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். இருவரும் அரசரிடம் சென்று மாணவராகத் தங்கிக் கற்கலாம் என்று மகனை அழைக்கிறார். மகன் வர மறுக்கிறான். முதியவர் தனியே புறப்படுகிறார். அரசர் வேறு வரங்களைக் கேட்கச் சொன்னபோது, பொன்னும் பசுக்களும் தமக்கு நிறைய உண்டு என்று மறுத்து, மாணவருக்குரிய முறையில் வித்தையை வேண்டிப் பெறுகிறார்.

அறியாமை இருவருக்கும் பொதுவாகவே இருந்தது. மகனுக்கு அது அவமானமாகப் பட்டது. தந்தைக்கு அதுவே கற்கத் தொடங்கும் இடமாயிற்று. வயதும் புகழும் கூடக்கூட ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது கடினமாகிறது. அதனைச் சொல்ல வல்லவரே ஆசிரியர் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. தைத்திரீய உபநிஷதமும் சத்தியம், தவம், புலனடக்கம் என ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அதனோடு கற்றலையும் கற்பித்தலையும் சேர்த்தே விதிக்கிறது. இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்ய அங்கு இடமில்லை.

திருத்தணியில் பிறந்த ஆசிரியர்

தத்துவப் பேராசிரியர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960-இல் தமிழகத்துடன் இணைந்த ஊர் அது. அவர் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் கிறிஸ்தவ மிஷன் பள்ளி ஒன்றில் படித்தார். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரான அவர், அடுத்த ஆண்டே சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராக அமர்ந்தார். சுதந்திர பாரதத்தின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948-இல் அவருடைய தலைமையில்தான் அமைந்தது. உயர்நிலைப் பள்ளி, இடைநிலைக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சிகளை நடத்த வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. திருப்பதியில் சிறுவனாகப் படித்தவர் ஆசிரியர்களுக்காக விரும்பிய ஏற்பாடு, பிற்காலத்தில் அதே ஊரில் கல்லூரி ஆசிரியர்களுக்கும் கிடைத்தது.

சக ஆசிரியர் தரும் கால் பங்கு

ஆசிரியர்கள் கூடிப் பயில்வதன் பயனைத் தமிழ் இலக்கண நூலாகிய நன்னூலும் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் புலமையில் கால் பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிறைவதாக அந்நூல் கூறுகிறது. கற்பிக்கும் தொழிலில் இருப்பவருக்கு அந்த அரைப் பங்கு நாள்தோறும் கிடைக்கிறது. ஆனால் உடன் பயில்வோர் தரும் கால் பங்கு, பட்டம் பெற்ற நாளோடு பலருக்கு நின்றுபோகிறது. வகுப்பறையில் அவரைத் திருத்துவார் இல்லை. பயிற்சி அரங்கிலோ வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒருவர், ‘இதை நான் இப்படிச் சொல்லிப் பார்த்தேன், மாணவர்களுக்கு விளங்கியது’ என்கிறார். பல ஆண்டுகளாகத் தாம் சொல்லிவந்த முறை மாணவர்களுக்கு ஏன் விளங்கவில்லை என்பது இவருக்கு அப்போது புலப்படலாம்.

இழப்பு யாருக்கு?

வேண்டுதலோடு வருபவரை கீதை தள்ளுவதில்லை. துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருளை நாடுபவன், ஞானி என்று தம்மை வழிபடும் நால்வரைக் கூறும் பகவான், அந்நால்வரையுமே உத்தமர்கள் என்று ஏற்கிறார். ஆகவே சான்றிதழை நாடி வந்த ஆசிரியரும் இழிவானவர் அல்லர். அந்த நாட்டம் அவரை அரங்கின் வாயில் வரை அழைத்து வந்திருக்கிறது.

ஆயினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பொருளை மட்டும் வேண்டி மலையேறியவன் பொருளோடு நின்றுவிட்டால், இழப்பு அவனுடையது. சான்றிதழோடு நின்றுவிட்ட ஆசிரியரின் இழப்பை வேறொருவர் சுமக்கிறார். குப்பம் அல்லது பலமநேர் அருகிலுள்ள சிற்றூரிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று அவள் மூன்று மொழிகளைக் கடந்து வருகிறாள். பழுப்பேறிய குறிப்பேட்டிலிருந்து படிக்கப்படும் பாடம் விளங்காதபோது, குறை தன்னுடையது என்றே அவள் நம்புகிறாள். ஆசிரியர் கற்பதை நிறுத்திவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. முறையிடவும் அவளுக்கு வழியில்லை. தான் மந்தமானவள் என்ற எண்ணத்தோடு அவள் வெளியேறினால், அவளுடைய தன்னம்பிக்கையே பறிபோகிறது. தன்னம்பிக்கையைக் கல்வியின் உயிராகக் கருதிய சுவாமி விவேகானந்தரின் நோக்கில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

எனவே ஆசிரியரின் விருப்பத்திற்கு மன்னிப்பு உண்டு. அதிலேயே நின்றுவிடுவதற்கு இல்லை. சட்டமும் விதியும் ஒருவரை இருக்கையில் அமர்த்தலாம். கேட்கும் மனத்தை அவரே கொண்டுவர வேண்டும்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணருக்கு அத்வைத சாதனையை உபதேசித்தவர் தோதாபுரி. ஓரிடத்தில் மூன்று நாட்களுக்கு மேல் தங்காத அத்துறவி, தட்சிணேசுவரத்தில் பதினொரு மாதங்கள் தங்கினார். நிர்குணப் பிரம்மத்தை மட்டுமே ஏற்று, அன்னை பராசக்தியை மதிக்காதிருந்த அவர், அன்னையின் மகிமையை உணர்ந்த பின்னரே அங்கிருந்து விடைபெற்றார். கற்பிக்க வந்தவர், தம் சீடரின் அன்னையை வணங்கக் கற்றுக்கொண்டு சென்றார்.

பயிற்சி முடிந்து சான்றிதழுடன் ஊர் திரும்பும் ஆசிரியரும், தம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியிடம், ‘உனக்கு எது விளங்கவில்லை, அம்மா?’ என்று கேட்டு, அவள் சொல்லும் விடையைப் பொறுமையுடன் கேட்பாராயின், அவர் பெற்ற பயிற்சி பயன் தந்ததாகக் கொள்ளலாம்.