பணிவும் பொறுப்பும்: தனியார் பாடசாலைகளின் தீப்பாதுகாப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றார் கல்வியை மட்டும் அங்கே எதிர்பார்ப்பதில்லை. மணி அடித்ததிலிருந்து பாடசாலை கலையும் வரையுள்ள நேரத்துக்குப் பிள்ளையின் உயிரையும் அவர்கள் அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றனர். இவ்வொப்படைப்பை எவரும் எழுதிக் கையொப்பமிடுவதில்லை. எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதுமில்லை. அரசாங்கப் பாடசாலையிற் காப்பவரும் விதி வகுப்பவரும் ஒருவரே. தனியார் பாடசாலையின் நிலை வேறு. காணி, கட்டடம், ஆசிரியர் நியமனம், கட்டணம் யாவும் ஒரு சபையின் அல்லது தனிமனிதரின் கையில் உள்ளன. அரசு வெளியே நின்று விதி வகுக்கின்றது, மேற்பார்வையாளரை அனுப்புகின்றது, சான்றிதழ் வழங்குகின்றது. இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. விதிகள் யாவற்றுக்கும் அமைந்தொழுகிய நிர்வாகம் பிள்ளைகள்பால் தனக்குள்ள கடமையை நிறைவேற்றியதாகுமா?

இவ்வினாவை ஆராய்வதற்குத் தீப்பாதுகாப்பு மிகப் பொருத்தமான களமாகும். கற்பித்தலில் நிகழும் குறை பல ஆண்டுகளின் பின்னரே புலப்படும். ஏட்டுக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள தூரத்தைத் தீயோ சில நிமிடங்களிற் காட்டிவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, கத்தோலிக்கத் திருச்சபையினரால் நடத்தப்பெற்ற தேவதூதரின் அன்னை பாடசாலையில் 1958ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி பிற்பகல் தீப்பற்றியது. 92 மாணாக்கரும் அவர்களுக்குக் கற்பித்த கன்னியர் மூவரும் மாண்டனர். அப்பாடசாலை விதியை மீறியதன்று என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நடைபெற்ற தீயணைப்புத் திணைக்களச் சோதனையில் அது தேறியிருந்தது. 1949ஆம் ஆண்டு நகரசபை இயற்றிய புதிய விதிகள் அதன் பின் எழுப்பப்படும் கட்டடங்களையே கட்டுப்படுத்தின. 1910இற் கட்டப்பட்ட இக்கட்டடம் அவற்றிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. ஆகவே தானியங்கி நீர்த்தெளிகருவி இல்லாதிருந்தமை சட்டப்படி குற்றமன்று. மரத்தாலான படிக்கட்டு இரண்டாம் மாடியிற் கதவின்றித் திறந்திருந்தமையும் குற்றமன்று. அபாய மணி தீயணைப்புப் படையினருடன் இணைக்கப்படாதிருந்தமையும் குற்றமன்று. கீழ்த்தளத்துப் படிக்கட்டின் அடியில் மூண்ட தீயின் புகை அத்திறந்த வழியால் மேலெழுந்து, வகுப்பறைகளின் வெளியே இருந்த நடைவழியை அடைத்தது. சட்டம் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்த ஒரு பாடசாலை பிள்ளைகளுக்கு வெளியேறும் வழியைக் கொடுத்திருக்கவில்லை.

ஜேர்மன் மெய்யியலாளராகிய கான்ற் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட அறவியல் நூலிற் கடமைக்கு இசைந்த செயலையும் கடமையினின்று எழுந்த செயலையும் வேறுபடுத்தினார். முன்னையது வெளித்தோற்றத்தாற் சரியாக இருக்கலாம். அதன் உந்துவிசை அச்சமாகவோ ஆதாயமாகவோ இருக்கலாம். மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் வாயிலில் அடுக்கிய பெட்டிகளை அகற்றும் அதிபரின் செயல் இவ்வகையினது. ஆயின் கான்ற்றின் வேறுபாடு சிக்காகோ நிகழ்வை முற்றாக விளக்கப் போதாது. அங்கிருந்தோர் தீய எண்ணமோ ஆதாய நோக்கோ உடையவரல்லர். தம் மாணாக்கருடன் உயிர்நீத்த ஆசிரியைகளின் அன்பை எவரும் ஐயுறவியலாது. எனவே குறை உந்துவிசையில் இருக்கவில்லை. அது பணிவு என்னும் பண்பைப் பற்றிய ஒரு மயக்கத்தில் இருந்தது எனலாம்.

பாடசாலை, பிள்ளையிடம் முதலிற் கேட்பது பணிவையே. சொன்ன இடத்தில் இரு; சொல்லும் வரை எழாதே; வரிசையிற் செல். இப்பணிவின்றிக் கற்பித்தல் இயலாது. ஆயின் பணியும் பிள்ளை தன் உயிரைத் தானே காத்துக்கொள்ளும் உரிமையின் ஒரு பகுதியைக் கைவிடுகின்றது. தெருவிலே தீயைக் காணும் சிறுவன் ஓடுவான். வகுப்பறையிலே அதே சிறுவன் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பான். சிக்காகோவிற் சில வகுப்பறைகளிலே, நடைவழி புகையால் அடைபட்டபின், தீயணைப்புப் படையினர் வரும் வரை இருக்கையில் அமர்ந்து செபிக்குமாறு பிள்ளைகளுக்குக் கூறப்பட்டது. பிள்ளைகள் அவ்வாறே செய்தனர். ஆசிரியர்களும் ஒரு பணிவினுள் வாழ்ந்தவர்களே. பாடசாலைத் தலைவியின் அனுமதியின்றி அபாய மணியை ஒலித்தலாகாது என்பது அங்கிருந்த வழக்கம். அவரைத் தேடிக் காணாத நிலையிற் சில ஆசிரியைகள் தம் வகுப்பினரைத் தாமே வெளியே அழைத்துச் சென்றனர். அவ்வகுப்பினர் உயிர்தப்பினர்.

இதிலிருந்து பெறப்படும் கருத்து யாதெனில், பணிவைக் கேட்பவர் பொறுப்பை ஏற்கின்றார் என்பதாகும். பிள்ளை எந்த அளவுக்குத் தன் தீர்மானத்தைக் கைவிடுகின்றதோ, அந்த அளவுக்கு அதனைக் கைவிடச் சொன்னவர் அப்பிள்ளைக்காகத் தீர்மானிக்கக் கடமைப்பட்டவராகின்றார். “சொன்னபடி செய்தேன்” என்று பிள்ளை கூறுமிடத்து அக்கூற்று அதனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும். அதே கூற்றை நிர்வாகம் அரசை நோக்கிக் கூறுமிடத்து, அது குழந்தைக்குரிய களங்கமின்மையைத் தனக்கெனக் கோருகின்றது. அதற்கு அவ்வுரிமை இல்லை. மேலே அரசுக்குப் பணியும் நிறுவனம் கீழே பிள்ளைகளைப் பணிவிக்கின்றது; முன்னையதைக் காட்டிப் பின்னையதால் விளைந்த கடனைத் தீர்த்தல் இயலாது. ஹான்ஸ் யோனாஸ் என்னும் மெய்யியலாளர் 1979இல் வெளியான தம் நூலிலே பொறுப்பு என்னும் கருத்தின் மூலவடிவமாகக் கைக்குழந்தையைக் காட்டியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றலற்ற ஓர் உயிர் கண்முன் இருத்தலே ஒருவர்மீது கடமையைச் சுமத்துகின்றது. ஒப்பந்தமோ சான்றிதழோ அதற்கு முன்நிபந்தனையன்று.

சிக்காகோவில் விதியிலேயே ஓட்டை இருந்தது. விதி இருந்தும் அது ஏட்டளவில் நின்றுவிடும் நிலைக்குத் தமிழகத்துக் கும்பகோணம் சான்றாகின்றது. அங்கு 2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி முற்பகல், அரசின் உதவிபெறும் ஒரு தனியார் பாடசாலையின் சத்துணவுச் சமையற்கூடத்தில் மூண்ட தீ, மேல்மாடி வகுப்பறைகளின் மீது வேய்ந்திருந்த கீற்றுக் கூரைக்குப் பரவியது. ஈழத்தவர் கிடுகு என வழங்கும் அப்பொருள் எத்துணை விரைவில் எரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கட்டடத்துள் மூன்று பாடசாலைகள் இயங்கின. இறங்குவதற்கு இருந்த படிக்கட்டோ ஒடுங்கியது. 94 குழந்தைகள் மாண்டனர். அப்பாடசாலை மறைவில் நடந்த ஒன்றன்று. அரசு அதனை அங்கீகரித்திருந்தது, உதவிப்பணம் வழங்கியிருந்தது. ஏடுகள் யாவும் இருந்தன; ஏடுகளிற் கையொப்பமிட்டோர் கூரையை நிமிர்ந்து பார்த்திருந்தால் அவற்றின் பொய்ம்மை விளங்கியிருக்கும்.

வழக்கு பத்து ஆண்டுகள் நீடித்தது. 2014ஆம் ஆண்டு தஞ்சாவூர் நீதிமன்றம் 21 பேருள் 10 பேரைக் குற்றவாளிகளெனக் கண்டு 11 பேரை விடுவித்தது. தண்டனை பெற்றோருள் நிர்வாகத்தினர் மட்டுமன்றிக் கல்வித்துறை அலுவலரும் பொறியியலாளர் ஒருவரும் இருந்தனர். 2017இற் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுட் சிலரை விடுவித்தது; வேறு சிலரின் தண்டனையைக் குறைத்தது. சட்டம் இவ்வாறு குற்றத்தைப் பலருக்கிடையே பங்கிட்டு அளந்து பார்க்கவேண்டியுள்ளது. அது அதன் இயல்பு. அறப்பொறுப்போ பங்கிடப்படுவதாற் குறைவதன்று. பத்துப் பேர் காவல் காக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் பத்திலொரு பங்கே விழித்திருந்தாற் போதும் என்று எவரும் கொள்ளார். இக்கொடுமையின் பின் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் கல்வி பெறும் உரிமை பாதுகாப்பான பாடசாலையிற் கற்கும் உரிமையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தது. அறவியல் நோக்கில் இது முக்கியமான ஒரு திருப்பமாகும். அதுவரை பாதுகாப்பு, நிர்வாகம் அரசுக்குச் செலுத்தும் கடனாகத் தோன்றியது. இத்தீர்ப்பின்படி அது பிள்ளைக்குச் செலுத்தப்படவேண்டிய கடனாயிற்று.

தமிழ் அறநூல் மரபும் இதனை உணர்ந்திருந்தது. வள்ளுவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்து, அதனைப் பொருட்பாலின் அரசியலில் அமைத்தார். மறதியும் அசட்டையும் வீட்டளவில் நிற்கும் சிறு குறைகளல்ல. பிறரின் வாழ்வைக் கையில் ஏந்தியவரிடத்தில் அவை ஆட்சிக் குற்றங்களாகின்றன என்பதே அவ்வமைப்பினாற் பெறப்படும் உண்மை.

இனி, காவல் என்ற சொல்லே இருபொருள்படுவதால் விளையும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. பிள்ளையைப் பிறரிடமிருந்து காக்க வேண்டுமாயின் வாயிலை அடைக்கவேண்டும். தீயிலிருந்து காக்க வேண்டுமாயின் வாயிலைத் திறக்கவேண்டும். விடுதிகளில் இம்முரண் கூர்மையடைகின்றது. கெனியாவின் கியாங்குலி இடைநிலைப் பாடசாலையில் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாணவர் சிலரே விடுதிக்குத் தீ மூட்டியபோது, ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. யன்னல்களிற் கம்பிகள் இருந்தன. 67 மாணவர் இறந்தனர். களவையும் ஒழுங்கீனத்தையும் தடுக்கவென இடப்பட்ட பூட்டும் கம்பியும் அன்று தப்பியோடும் வழியை அடைத்தன. 2008ஆம் ஆண்டு அந்நாட்டின் கல்வி அமைச்சு வெளியிட்ட பாதுகாப்புக் கைந்நூல், விடுதி யன்னல்களிற் கம்பி இருத்தலாகாது, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும், பிள்ளைகள் உள்ளிருக்கையில் வெளியே பூட்டலாகாது என விதித்தது. எனினும் 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில், நியேரிப் பகுதியிலுள்ள ஒரு தனியார் விடுதிப் பாடசாலையில், 150க்கு மேற்பட்ட சிறுவர் உறங்கிய மண்டபம் எரிந்து 21 பேர் மாண்டனர். விதி அச்சேறிப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிள்ளைகள் நள்ளிரவில் எரிந்து மடிந்தனர்.

இம்முரணைத் தீர்க்கும் வழி யாது? இங்கிலாந்தின் சட்டம் இவ்விடத்தில் ஒரு விடையைத் தருகின்றது. அந்நாட்டுச் சுயாதீனப் பாடசாலைகளுக்கென 2014இல் ஆக்கப்பட்ட நியமங்கள் பிள்ளைகளின் நலன்காப்பையும் தீப்பாதுகாப்பையும் ஒருங்கே கேட்கின்றன. 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புக் கட்டளையின்படி அவசர வாயில், அதனைப் பயன்படுத்த வேண்டிய எவரும் உடனடியாகவும் எளிதாகவும் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து அந்நியர் நுழைய முடியாததும் உள்ளிருந்து குழந்தை திறக்கக்கூடியதுமான கதவு இயலாத பொருளன்று. கதவு எவருக்காகப் பூட்டப்படுகின்றது என்று ஒருவர் நின்று சிந்திக்கவேண்டும், அவ்வளவே. அக்கட்டளையின் மற்றொரு சிறப்பும் கருதத்தக்கது. அதற்கு முன் பலவகைக் கட்டடங்களுக்குத் தீயணைப்பு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். 2006இல் நடைமுறைக்கு வந்த புதிய முறை சான்றிதழை ஒழித்து, ஒவ்வோரிடத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரைச் சுட்டி, ஆபத்தை ஆராய்ந்தறியும் கடமையை அவர்மீது வைத்தது. சுவரிற் தொங்கிய தாளின் இடத்திற்கு ஒரு மனிதர் வந்தார். அம்மனிதரும் ஆபத்தாய்வை நிரப்பவேண்டிய ஒரு படிவமாகக் கொள்வாராயின், பழைய தாள் புதிய பெயருடன் மீண்டும் சுவரேறும் என்பதையும் மறுத்தற்கில்லை.

இக்கொள்கைக்கு எதிராக இரு தடைகள் கூறப்படலாம். வறியோர் பயிலும் சிறு பாடசாலைகளிடம் செல்வர் பாடசாலைக்குரிய பாதுகாப்பைக் கேட்டால் அவை மூடப்படும். பிள்ளைகள் தெருவில் நிற்பர் என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. கீற்றுக் கூரை வறுமையின் கூரை. அதனைத் தேர்ந்தெடுத்தவரைப் பழிப்பது மட்டும் நீதியாகாது. ஓட்டுக்கூரைக்கு வேண்டிய பணத்தை வழங்குவதில் அரசுக்கும் சமூகத்துக்கும் பங்குண்டு. ஆயினும் பணம் வேண்டுவனவும் கவனம் மட்டும் வேண்டுவனவும் வேறு வேறு. படிக்கட்டில் தட்டுமுட்டுச் சாமான்களைக் குவிக்காதிருத்தலுக்குச் செலவில்லை. அடுப்பைக் கூரையினின்று விலக்கி வைத்தலுக்கும், தவணைக்கொரு முறை மணி அடித்துப் பிள்ளைகளை முற்றத்துக்கு இறக்கிப் பழக்குதலுக்கும், இடமில்லாத அறையில் மேலும் இருபது பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தலுக்கும் பெருஞ்செலவில்லை. கடைசியாகக் கூறியது வருமானத்தைக் குறைக்கும். அங்கேயே நிர்வாகத்தின் அறம் சோதிக்கப்படுகின்றது.

பொறுப்புக்கு எல்லை வகுக்காவிடில் எவரும் ஆசிரியராக முன்வரார். விதியே நியாயமான எல்லை என்பது இரண்டாவது தடை. விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. மனச்சாட்சியை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்தானது. அது களைப்படையும், பழக்கத்தால் மழுங்கும். முன்னர் நிகழ்ந்த அழிவுகளினின்று பெற்ற அறிவை, அவற்றைக் காணாதவருக்கும் எடுத்துரைப்பது விதி. ஆனால் அது தரையே, கூரையன்று. எதிர்பாராத இடியும் மின்னலும் கொண்டுவரும் கேட்டுக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்குதல் தகாது. கண்ணெதிரே நாள்தோறும் நிற்கும் பூட்டிய கதவுக்கு அவரைப் பொறுப்பாக்குதல் தகும். காணக்கூடியதைக் காண்பதே கேட்கப்படுகின்றது.

பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் கலைப்பட்டதாரிகளுட் பலர் ஆசிரியராகவும் அதிபராகவும் கல்வி அதிகாரிகளாகவும் அமைகின்றனர். சோதனைப் படிவம் ஒன்று என்றோ ஒரு நாள் அவர்களின் மேசைக்கு வரும். அதிற் கேட்கப்பட்ட ஒவ்வொரு வினாவுக்கும் “ஆம்” என எழுதிக் கையொப்பமிடுதல் இலகு. கையொப்பமிடுமுன் எழுந்து சென்று, மாடியின் கடைசி அறையிலுள்ள மிகச் சிறிய பிள்ளை தன் கையால் அக்கதவைத் திறக்குமா எனப் பார்த்தல் சற்றே கடினம். பிள்ளையின் பணிவைப் பெற்றுக்கொண்டவர் செலுத்தவேண்டிய கடன் அக்கதவடியில் இருக்கின்றது.