செய்கூலி

பாதியில் நின்ற பொருளுக்கு விலை உண்டா என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் வியாபாரம் வெகுகாலம் நடந்ததே பாதியில் நின்ற பொருளை வைத்துத்தான். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் மதராஸ் துறைமுகம் வழியே கப்பலேறியது. சாயமும் மெருகும் ஏறியது, செருப்பும் பையுமாக உருவெடுத்தது எல்லாம் கடலுக்கு அப்பால். 1970களில் மைய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுதாக முடித்து அனுப்பு என்று சொல்லும்வரை இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றும் 'வெட் ப்ளூ' என்றால் ஒரு விலை, 'க்ரஸ்ட்' என்றால் ஒரு விலை. தொட்டுத் தடவிப் பார்த்து, எந்தக் கட்டத்தில் நிற்கிற தோல் என்று சொல்லிவிடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாதி என்பது அவர்கள் அகராதியில் ஒரு நிலை, குறை இல்லை.

நான் எழுத நினைப்பது வேறொரு பாதியைப் பற்றி. ஒரு மனிதர் தம் வீட்டுக் கொட்டகையில், தம் கையால் கட்டத் தொடங்கி, வருஷக்கணக்கில் கட்டி, முடிக்காமல், கடைசியில் விற்க முன்வருகிற சிறு விமானம். நெமிலியில் உட்கார்ந்துகொண்டு இதைப்பற்றி யோசிப்பது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். அரக்கோணம் கடற்படைத் தளத்தின் விமானங்கள் எங்கள் தலைக்குமேல் போகின்றன. கவுண்டரில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. விமானம் என்பது சர்க்கார் சமாசாரம் என்ற தீர்மானம் நம்மிடம் எப்போதோ ஏற்பட்டுவிட்டது. அமெரிக்காவில் அப்படி இல்லை. 1953இல் மில்வாக்கியில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அலுமினியத் தகடும் ரிவெட்டும் வரைபடமும் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும். முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல், பணம் சேர்ந்தால் கடைசியில் எஞ்சின். பலருக்கு வாலோடு நின்றுவிடுகிறது. இவர்கள் கொடுக்கிற விளம்பரங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு: வால் முடிந்தது, இறக்கை முடிந்தது, உடல் பெரும்பாலும் முடிந்தது, எஞ்சின் இல்லை, விற்கக் காரணம் உடல்நிலை, அல்லது விவாகரத்து, அல்லது கட்டியவர் காலமானார், மனைவி விற்கிறார். இரண்டு வரிக்குள் ஒரு நாவல் என்று சொல்லத் தோன்றும். அந்தச் சபலத்தை அடக்கிக்கொண்டு விலையைப் பார்க்கலாம்.

விலை அநேகமாகப் பாகங்களின் கிரயத்தை ஒட்டி, பலசமயம் அதற்கும் கீழே இருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரத்து உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. நகைக்கடன் பகுதியில் தினமும் நடப்பது இதுதான். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து, கல்லின் எடையைக் கழித்து, மிச்சத்துக்குத் தொகை போடுவார். "எங்க பாட்டி நகை சார், அந்தக் காலத்து வேலை" என்று ஒரு அம்மாள் சொன்னால், "வேலை நல்லாத்தாம்மா இருக்குது, பணம் எடைக்குத்தான்" என்பார். செய்கூலி என்பது ஒருமுறை கொடுத்ததும் காற்றில் போய்விடுகிற பணம்.

ஆனால் பாதி விமானத்தின் விஷயம் இதைவிட மோசம். பெட்டியையே பிரிக்காமல் வைத்திருந்தவருக்குப் போட்ட பணம் கிட்டத்தட்ட திரும்பிவிடும். பிரித்து, துளையிட்டு, ரிவெட் அடித்து, ராத்தூக்கம் கெட்டவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். இயற்கைப் பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவன் உடைமையாகிறது என்று லாக் வாதித்தார். உழைப்பு கலந்ததாலேயே விலை இறங்கிப்போகும் பொருளை அவர் எண்ணிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஏன் இறங்குகிறது? நகையில் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிகிறது, வேண்டாமென்றால் உருக்கிவிடலாம். இறக்கையில் வேலைப்பாடு உள்ளே இருக்கிறது. கடைசித் தகட்டை மூடி ரிவெட் அடித்த பிறகு, உள்விலா ஒன்றில் துளை விளிம்போரம் போய்விட்டதா, ரிவெட்டின் மறுமுனை சாய்ந்து நசுங்கியதா என்பதெல்லாம் ஒருவருக்கு மட்டுமே தெரியும். இவ்வகை விமானங்களில் ரிவெட்டுகள் பத்தாயிரத்தைத் தாண்டும். அத்தனையும் நன்றாக அடிபட்டிருக்க முடியாது. எது நன்றாக இல்லை என்பதுதான் கேள்வி. சந்தை உழைப்பை மறந்துவிடவில்லை, சந்தேகிக்கிறது.

பறந்துகொண்டிருக்கும் பழைய விமானத்தை விற்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. முந்நூறு மணி பறந்திருக்கிறது என்றால் காற்று அவருக்காகச் சாட்சி சொல்கிறது. பாதியை விற்பவருக்குச் சாட்சி அவர் வாய்தான். ஆகவே அவர் சொல்லும் உண்மையும் விற்கப்படும் சரக்கில் ஒரு பாகம். வால், இறக்கை, உடல், வாக்குமூலம். இது வெறும் தத்துவ ஜோடனை இல்லை. ஆரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற கம்பெனி லேசரால் வெட்டி அனுப்பிய பாகங்கள் சிலவற்றில் துளையைச் சுற்றி விரிசல் காணத் தொடங்கியது. மாற்றுப் பாகம் தரும் சுமை வேறு பல நஷ்டங்களோடு சேர்ந்து, 2023 டிசம்பரில் கம்பெனி திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. அந்தப் பாகங்களை இறக்கைக்குள் வைத்து மூடிவிட்ட ஒருவர் அதை விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

அமெரிக்கச் சட்டம் இந்த வாக்குமூலத்துக்கு எழுத்து வடிவம் கொடுத்திருக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அமெச்சூர்கள் கட்டியிருக்க வேண்டும். வழக்கில் இதை 51 சதவீத விதி என்கிறார்கள். கட்டியவர் ஒருவராக இருக்கவேண்டிய அவசியமில்லை, இருவர் மூவர் கைமாறியும் வரலாம். ஆனால் நிரூபிக்க நாள்வாரிக் குறிப்பும் புகைப்படமும் வேண்டும். ஆகவே பாதி விமானம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் பொருள் நோட்டுப்புத்தகம். மனைக்கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் மூலப்பத்திரம் கேட்கிறோமே, அதே காரியம். நோட்டைத் தொலைத்த விமானத்தைத் துண்டு அலுமினியமாகக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். கவிஞர். அவர் கேட்டது வேறு: "விற்பானேன்? கொட்டகையிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே. முடிக்காத கனவைக் கைமாற்றுவது பெண்டாட்டியின் கடிதங்களை விற்பது மாதிரி." நம்மில் பலருடைய அபிப்பிராயமும் இதுதான் என்று நினைக்கிறேன். முடியாததற்கு ஒரு புனிதத்தைக் கொடுத்து மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும் நாவல் என்று இருபது வருஷமாகக் கேள்விப்படும் நாவல்கள் எனக்கே நாலைந்து தெரியும்.

விற்காத பாதிக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. 1895இல் பம்பாய்க் கடற்கரையில் ஷிவ்கர் தல்படே என்பவர் ஆளில்லா விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார் என்று கதை. பிற்பாடு உதவி கிட்டாமல் முயற்சி நின்றதாம். அவர் காலமான பின் மிச்சத்தை உறவினர்கள் ராலி பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம். பறந்ததற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பரம்பரை ஆதாரம் காட்டும் 'வைமானிக சாஸ்திர'த்தை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974இல் ஆராய்ந்து, அந்த வரைபடப்படி எதுவும் பறக்காது, நூலே இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று எழுதினார்கள். கதை அசையவில்லை. கவனியுங்கள்: கதையின் ஜீவன் அந்த விற்பனையில்தான் இருக்கிறது. பொருள் அந்நியன் கைக்குப் போய்விட்டது, ஆகவே யாரும் திறந்து பார்க்க முடியாது, ஆகவே அது முழுமையாகவே இருந்தது. நோட்டுப்புத்தகம் இல்லாத விற்பனை எதையும் தெய்வமாக்கிவிடும். இதற்கு மாறாக, மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர் சிம்சன் கம்பெனியில் விமானம் ஒன்றைச் செய்வித்து, 1910இல் பல்லாவரத்தில் நிஜமாகவே பறந்தார். பறந்துவிட்டதால் அவரைப்பற்றிக் கதை கட்ட ஒன்றுமில்லை. நம் ஊர்க்காரியம்தான், நமக்கே ஞாபகமில்லை.

ஆகவே விற்பவர் பக்கம் நான் நிற்கிறேன். கொட்டகையில் வைத்திருப்பவர் 'என்றைக்காவது' என்ற சொல்லைக் காப்பாற்றுகிறார். விற்பவர் அதைக் கைவிட்டு, எது முடிந்தது, எது முடியவில்லை, எது சரியில்லை என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவராகிறார். முன்னதற்கு அழகு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சொல்லிவிட்டால் தீர்ந்ததா? இங்குதான் எனக்குத் தொந்தரவு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியக் கடலில் விழுந்து இறந்தார். ஓட்டியது லாங்-ஈஸி என்ற வகை, இன்னொருவர் வீட்டில் கட்டியது, டென்வர் அப்போதுதான் வாங்கியிருந்தார். வரைபடத்தில் எரிபொருள் மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எரிபொருள் குழாய்கள் ஆள் உட்காருமிடத்தில் வரக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அதில் நியாயமும் இருக்கிறது. திரும்பி அதைப் பிடிக்கப் போனால் கால் சுக்கான் மிதியை அழுத்திவிடக்கூடும் என்று விசாரணையில் கண்டார்கள். இதில் ஒளித்து வைத்தது எதுவுமில்லை. வால்வு இருக்குமிடம் டென்வருக்குத் தெரியும், எட்டவில்லை என்பதும் கிளம்புமுன் தெரிந்திருந்தது. தகவல் முழுசாகக் கைமாறியிருந்தது. கைப்பழக்கம் மாறவில்லை.

ஒருவர் தமக்காகக் கட்டும்போது தம் பயங்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். நோட்டுப்புத்தகத்தில் 'வால்வை இடம் மாற்றினேன்' என்று இருக்கும். அந்தப் பயம் இருக்காது. முடிந்த விமானத்தில் இது இறுகிப்போன விஷயம். பாதியில் இன்னும் இளக்கம் இருக்கிறது, அதுவே பாதியின் சிறப்பு. வாங்குகிறவர் துரப்பணத்தை எடுத்து ரிவெட்டுகளைக் கழற்றி, தகட்டைத் திறந்து, வேண்டாததை எடுத்தெறிந்து, தமக்காக மறுபடி கட்டலாம். அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கத்திய தோல்காரர்களுக்கும் இது தெரியும். பட்டையில் பதனிட்ட தோலை வாங்கிக் குரோம் ஏற்றுகிறவர் முதலில் அதைக் கார நீரில் அலசி, ஏறியிருக்கும் பட்டைச்சாற்றில் ஒரு பகுதியை வெளியேற்றுவார். முந்தியவர் வேலையைக் கொஞ்சம் அழிக்காமல் பிந்தியவர் வேலை உள்ளே இறங்காது. 'செமி குரோம்' என்று அதற்குப் பெயர்.

பாதி விமானத்தை விற்பவர் செய்கூலியை விட்டுக்கொடுக்கிறார், உண்மையைச் சொல்கிறார். இவை இரண்டும் கஷ்டம்தான், ஆனால் நல்லவர்கள் செய்துவிடுவார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது: என் வேலையை நீ பிரித்துப் போடலாம் என்று மனதார விடுவது. ஒரு மாலை முழுக்க முயன்று அழகாக மூடிய இறக்கையை, சேதி கேள்விப்பட்டுப் பார்க்கப் போனால், பிளந்து கிடப்பதைப் பார்க்கத் தயாராக இருப்பது. எலியட் தம் 'பாழ்நில'த்தின் கையெழுத்துப் பிரதியை பவுண்டிடம் கொடுத்தபோது அப்படி ஒரு மனசு இருந்திருக்கிறது. 1971இல் அந்தப் பிரதி அச்சானபோது பக்கம் பக்கமாக அடிபட்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பவுண்ட் அதை வாங்கியவரில்லை, நண்பர். அதனால் அங்கே இது சுலபமாக இருந்ததா, கடினமாக இருந்ததா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. முன்பின் தெரியாதவன் பணம் கொடுத்து வாங்கிப் பிரித்துப் போட்டால் வலி குறைவாக இருக்கலாம். காசுக்கு இப்படி ஒரு கருணை உண்டு என்பதை நம் இலக்கியவாதிகள் ஒத்துக்கொள்வதில்லை.

கவிஞர் நண்பரிடம், இருபது வருஷ நாவலின் முதல் இருநூறு பக்கத்தை யாராவது ஒரு இளைஞரிடம் கொடுத்துவிட முடியுமா, எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று சொல்லி, என்று கேட்டேன். "நீங்க பேங்க்காரர், இப்படித்தான் பேசுவீங்க" என்றார். பிறகு சற்றுக் கழித்து, எந்த இளைஞர் என்று கேட்டார்.