ஒரே பந்தி



இன்றைய இரண்டாம் வாசகத்தில் உரோமையர் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்திலிருந்து மூன்றே வசனங்களைக் கேட்டோம். வாழ்ந்தாலும் இறந்தாலும் நாம் ஆண்டவருக்கே உரியவர்கள் என்று சொல்லும் அந்த வசனங்களை அடக்கத் திருப்பலிகளில் கேட்டுப் பழகிவிட்டோம். வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். பவுல் அதில் பெரும்பாலும் பேசுவது சாப்பாட்டுச் சண்டையைப் பற்றி.

கி.பி. 49 வாக்கில் பேரரசர் கிளவுதியு யூதர்களை உரோமை நகரைவிட்டு வெளியேறச் சொன்னார். அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியர் கொரிந்துக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். 54-இல் பேரரசர் இறந்தபின் பலர் திரும்பி வந்தார்கள். அதற்குள் அங்கே வீடுகளில் கூடிவந்த சபைகளில் பிற இனத்தாரின் கை ஓங்கியிருந்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. காய்கறியோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஒரு பக்கம், எதையும் உண்ணலாம் என்றவர்கள் மறுபக்கம். எந்த நாளைச் சிறப்பாகக் கொள்வது என்பதிலும் இதே இழுபறி.

பவுல் எந்தக் கட்சி? அவர் அதை ஒளிக்கவே இல்லை. எந்த உணவும் தன்னிலே தீட்டு ஆகாது என்பதுதான் அவர் முடிவு. அப்படியானால் காய்கறிக்காரர்களை அல்லவா அவர் திருத்தியிருக்க வேண்டும்? தம் கட்சிக்காரர்களைத்தான் அதிகம் கண்டிக்கிறார். உன் சகோதரர் அதைத் தீட்டென்றே நம்புகிறார். நீ கேலி செய்வாயே என்று கூசிப்போய் அவர் உண்டால், தம் மனச்சான்றை மீறிய பாவம் அவருக்கு, அவரை விழவைத்த பாவம் உனக்கு. விட்டுக்கொடுக்கும் சுமையை, சரியாகப் புரிந்துகொண்டவர் தலையில்தான் ஏற்றுகிறார் பவுல். நமக்கு இது சுலபத்தில் பிடிக்காது. நியாயம் என் பக்கம் இருக்க நான் ஏன் இறங்கிப் போகவேண்டும் என்றுதான் தோன்றும்.

நம்மிடையே பாருங்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது நற்கருணையைக் கையில் வாங்கினோம். பிறகு சிலர் பழையபடி நாவில் வாங்கத் தொடங்கினார்கள், சிலர் கையிலேயே தொடர்கிறார்கள். இரண்டும் திருச்சபை ஏற்ற முறைகள்தாம். கோவிலில் பெண்கள் முக்காடு போடவேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு சொன்னது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இல்லை. ஆகவே முக்காடு போட்ட பாட்டியும் போடாத பேத்தியும் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் படைத்துக் கொண்டுவந்த பொங்கலை உண்ணும் குடும்பமும் உண்டு, வாங்கி வைத்துவிட்டு உண்ணாத குடும்பமும் உண்டு. உண்ணாதவரைப் பழைய பஞ்சாங்கம் என்கிறோம். உண்டவரைப் பார்த்து, இவரெல்லாம் கிறிஸ்தவரா என்கிறோம். அன்பியக் கூட்டங்களில் இரண்டும் என் காதில் விழுகின்றன.

எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடவும் முடியாது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உண்பதை விட்டு விலகியபோது, இதே பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்து நின்றார். பந்தியிலிருந்து ஒருவரை ஒதுக்குவது கருத்து வேறுபாடு ஆகாது. சாதிக்கொரு கல்லறை வேண்டும் என்பவர் என்னிடம் வந்து, 'சாமி, இது என் மனச்சான்று' என்று சொல்லவேண்டாம்.

பவுலின் பாடத்தை இரண்டாம் நூற்றாண்டு நன்றாகவே கற்றிருந்தது. சிற்றாசியாவின் சபைகள் யூத நாள்காட்டியின் நிசான் 14-ஆம் நாளில் பாஸ்கா கொண்டாடின, உரோமையோ ஞாயிற்றுக்கிழமையில். 155 வாக்கில் சிமிர்னாவின் ஆயர் போலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து திருத்தந்தை அனிசேத்துசிடம் இதைப் பேசினார். இருவரும் இம்மியும் மாறவில்லை. ஆனாலும் அனிசேத்துஸ் தம் சபையில் திருப்பலி நிறைவேற்றும் மாண்பை அந்த முதியவருக்கே விட்டுக்கொடுத்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் திருத்தந்தை விக்டர் ஆசியச் சபைகளை வெட்டிவிட முனைந்தபோது, தாமும் ஞாயிற்றுக்கிழமை முறையையே கடைப்பிடித்த ஆயர் இரேனியு, கூடாது என்று கடிதம் எழுதினார்.

325-இல் நிசேயா சங்கம் பாஸ்காவை எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட முடிவெடுத்தது. நம்பிக்கை அறிக்கையை வகுத்ததும் அதே சங்கந்தான். ஆனால் பாஸ்கா நாளைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரியும் சேர்க்கவில்லை. முக்காட்டைப் பற்றியும் அதில் இல்லை. நாவில் வாங்குபவரும் கையில் வாங்குபவரும் சேர்ந்து அதை இப்போது சொல்லப்போகிறோம். எழுந்து நிற்போம்.