கள்வன் கொடுத்தால் தருமமாகுமா?



"அவன் கொள்ளைக்காரன்தான், ஆனாலும் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தவன்." இப்படிச் சொல்ல நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஷூ கம்பெனி வாசலிலும், மலையேறும் பஸ்ஸிலும், ஏன், நம் வீட்டுத் திண்ணையிலுங்கூட இந்தப் பேச்சு நடக்கிறது. சொல்பவர் குரலில் கொஞ்சம் பெருமையும் தொனிக்கும். அந்த வாக்கியத்தின் நடுவே நிற்கும் "ஆனாலும்" என்ற சிறு சொல் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறதென்று இன்று சற்று நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் பம்பாய்க்குப் போவோம். தோல் பதனிடவும், மூட்டை சுமக்கவும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற எத்தனையோ குடும்பங்கள் தாராவியில் குடியேறின. ஊர்ப் பாஷை தெரியாது. அதிகாரிகளிடம் அவர்கள் சொல் எடுபடாது. அந்நகரின் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்தவர் வரதராஜ முதலியார். மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில் கள்ளச் சாராயத்தால் பணமும், பணத்தால் ஆள்பலமும் சேர்த்தார். தமிழர்களின் வழக்குகளைத் தீர்த்து வைத்தார், கஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுத்தார், மாட்டுங்காவில் ஆடம்பரமாகப் பிள்ளையார் விழா நடத்தினார். 1980களில் போலீசாரின் நெருக்கடி முற்றவே சென்னைக்குத் திரும்பினார். அவர் வாழ்க்கையைத் தழுவிய "நாயகன்" என்ற படம் 1987ல் வெளிவந்தது. 1988 ஜனவரியில் அவர் காலமானார்.

அவர் கொடுத்தது பொய்யல்ல. வாங்கியவர்கள் நன்றி பாராட்டியதும் குற்றமல்ல. ஆனால் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? அந்தச் சாராயத்தைக் குடித்தவர்களில் அதே குடிசைகளில் வாழ்ந்த கூலிக்காரத் தகப்பன்மார் எத்தனை பேர்! ஒரு வீட்டு அடுப்பை அணைத்த காசில் இன்னொரு வீட்டுக்கு அரிசி வந்தது. கொடுத்த கையை ஊரே பார்த்தது. எடுத்த கையைக் குடிகாரன் மனைவிதான் பார்த்தாள். அவளைக் கதாநாயகியாக்க யாருக்குத் தோன்றும்?

"அதிருக்கட்டும், பெரிய மனிதர்கள் கொள்ளையடிக்கவில்லையா? அதிகாரிகள் லஞ்சம் வாங்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய கேள்வியுங்கூட. அர்ச். அகுஸ்தீன் "தேவ நகரம்" என்ற நூலில் ஒரு கதையை எடுத்துக் காட்டுகிறார். மகா அலெக்சாந்தரிடம் பிடிபட்ட கடற்கொள்ளைக்காரன் ஒருவன், "நான் செய்வதைத்தான் நீரும் செய்கிறீர், எனக்கு ஒரு சிறு கப்பல், ஆகையால் கள்வன், உமக்குப் பெரும் படை, ஆகையால் சக்கரவர்த்தி" என்ற கருத்துப்படப் பதில் சொன்னானாம். நீதியை எடுத்துவிட்டால் ராஜ்யங்களும் பெரிய கொள்ளைக் கூட்டங்களே என்று காட்டவே அர்ச்சியசிஷ்டவர் இதைச் சொல்கிறார். கவனியுங்கள்: கள்வன் நல்லவன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அரசன் தவறியதால் கள்வன் உத்தமனாகிவிடவில்லை. கள்வர் இருவரானார்கள், அவ்வளவே.

இனி நம் மலைகளுக்கு வருவோம். ஏலகிரியும் அண்டையிலுள்ள ஜவ்வாது மலையும் சந்தனம் விளைந்த மலைகள். திருப்பத்தூரிலுள்ள அரசாங்கச் சந்தனக் கிடங்கை அறியாதவர் நம்மில் யார்? சந்தன மரத்தில் வைரம் பாய முப்பது, நாற்பது ஆண்டுகள் செல்லும். வெட்டிச் சாய்க்க ஒரு நாழிகை போதும். அந்த மரத்தால் பேர்பெற்றவன் வீரப்பன். 1952ல் கோபிநத்தத்தில் பிறந்தவன், 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். காட்டு ஜனங்களுக்கு அவன் பணம் கொடுத்ததைச் சிலர் இன்றும் புகழ்கிறார்கள். 1993 ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமையன்று, மாதேஸ்வரன் மலைக்கருகே பாலாறு என்னுமிடத்தில் அவன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டதை அவர்கள் சொல்வதில்லை.

கடத்தலில் லாபம் யாருக்கு, தண்டனை யாருக்கு என்பதையும் பாருங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்நாட்டுக் கூலிகளைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஜவ்வாது மலைக் குடும்பங்களிலும் அழுகுரல் கேட்டது. மாண்டவர்கள் கோடரி பிடித்த ஏழைகள்; மரத்தை விலை பேசிய முதலாளிகள் அல்ல.

காக்க வேண்டியவர்களே கொள்ளையராவதும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையினரும் போலீசாரும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் எந்தக் கொள்ளைக்காரனையும் துணைக்கு அழைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். 269 பேர்மீது வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகளென 2011ல் தீர்ப்பாயிற்று. 2023ல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பது ஆண்டுக்கு மேல் சென்றது உண்மை. அது அரசாங்கத்துக்கு அவமானமே. ஆயினும், வழக்காடியவர்கள் யாருடைய ரத்தத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழிவாங்க ஒருவனை ஏவியிருந்தால், அவர்கள் முதுகில் இன்னொரு எஜமான் ஏறியிருப்பான்.

வீரப்பனுடைய கோபிநத்தத்திலேயே இன்னொரு மனிதர் இருந்தார். பெயர் சீனிவாஸ், வனத்துறை அதிகாரி. அந்த ஊராருக்கு மாரியம்மன் கோயில் எழும்ப உதவினார். அவர்கள் நல்வாழ்வுக்காக உழைத்தார். வீரப்பன் சரணடைவான் என்று நம்பிச் சென்றவரை 1991 நவம்பர் 10 அன்று கொன்று தலையைக் கொய்தான். இறந்த பின் அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. இருவரும் கொடுத்தார்கள், ஒருவர் தம்முடையதைக் கொடுத்தார், மற்றவன் பிறருடையதைக் கொடுத்தான். உங்கள் பிள்ளைகளுக்கு இவ்விருவரில் யார் பெயர் தெரியும் என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2018ல் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் அரிவாளால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடிய ரவுடிக் கூட்டத்தில் எழுபது பேருக்கு மேல் கைதானார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பது யார்? வரப்புத் தகராறுக்கும், கொடுத்த கடனை வசூலிக்கவும், வாடகைக்காரரைக் காலி செய்யவும் "அண்ணனிடம் ஒரு வார்த்தை" சொல்லிவிடுகிற குடும்பஸ்தர்களே! நம் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் மிரட்டி வாங்கும் நியாயத்துக்கு வட்டி உண்டு; அதைக் கட்டுவது அடுத்த தெரு ஏழை, பிறகு நம் சொந்த மகன்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராக நம் மாநிலத்தில் 2003 முதல் சட்டம் உண்டு. 1987ம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வக்கீல் உதவி இலவசம். தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் போதும். தனியே போக அஞ்சுகிறவரோடு அயலார் இருவர் கூடப் போகலாமே. ஏழை கொள்ளைக்காரனைத் தேடிப் போவது பெரும்பாலும் வேறு எவரும் கூட வராததால்தான்.

சேசுநாதரின் வலப்புறம் சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனை நினையுங்கள். "நான் திருடியதுண்டு, ஆனாலும் கொடுத்தேன்" என்று அவன் வாதாடவில்லை. தன் தண்டனை நியாயமென்று ஒப்புக்கொண்டான். கள்வனே சொல்லத் துணியாத அந்த "ஆனாலும்" என்ற சொல்லை, அவனுக்காக நாம் ஏன் சொல்ல வேண்டும்?