எஞ்சியதைக் கொண்டு ஆடுவது

விடாமுயற்சியைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு சின்னக் கள்ளக்கணக்கு எழுதுகிறோம். வென்றவனின் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, அவன் பட்ட அடிகளையெல்லாம் வெற்றிக்குக் கட்டிய தவணை என்று வரவு வைத்துவிடுகிறோம். தவணையெல்லாம் கட்டியும் பொருள் கைக்கு வராதவனை எந்தப் பத்தியில் எழுதுவது? அர்ஜென்டினாவின் டாண்டில் ஊர்க்காரரான டென்னிஸ் வீரர் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோவை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம். 2009 யு.எஸ். ஓப்பனில் அரையிறுதியில் நடாலையும், இறுதியில் அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் அங்கே பட்டத்தை விடாமல் வைத்திருந்த ஃபெடரரையும் வீழ்த்தியபோது அவருக்கு வயது 20. அடுத்த ஆண்டே வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. அதிலிருந்து மீண்டு 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். பிறகு இடது மணிக்கட்டு கைவிட்டது. 2014-லும் 2015-லுமாக அதற்கு மூன்று அறுவைகள். 2016-ல் திரும்பி வந்தபோது தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே இருந்தார். அதன்பின் எத்தனையோ வென்றார் என்றாலும், இன்னொரு கிராண்ட் ஸ்லாம் பட்டம் கடைசிவரை வரவில்லை.

அந்த 2016-ஐக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய பேக்ஹேண்ட் இரண்டு கையால் அடிப்பது. பந்துக்கு விசை கொடுப்பதில் இடது மணிக்கட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கை தாங்காது என்றானதும், வலக்கை ஒன்றால் பந்தை அடியில் சீவி, தாழ்வாக மெதுவாக அனுப்பும் ஸ்லைஸுக்கு மாறினார். நேரம் வாங்கிக்கொண்டு, எப்படியாவது பந்தைத் தன் ஃபோர்ஹேண்ட் பக்கம் வரவழைப்பதுதான் திட்டம். ரியோ ஒலிம்பிக்கின் முதல் சுற்றில், உலகின் முதல் நிலையில் இருந்த ஜோகோவிச்சை, தரவரிசையில் 141-ஆம் இடத்தில் இருந்த இந்த மனிதர் இரண்டு டை-பிரேக்கில் வென்றார். (அன்று காலை வீரர்கள் குடியிருப்பின் லிஃப்டில் 40 நிமிடம் மாட்டிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும், ஊழ் சில நாள் வேடிக்கையும் பார்க்கும்.) அந்த ஒலிம்பிக்கின் முடிவில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஊழை மிஞ்சிய வலிமை இல்லை என்று ஓர் அதிகாரத்தில் சொன்ன வள்ளுவர், ஆள்வினையுடைமையில் அந்த ஊழே முயற்சிக்குத் தோற்று ஓடும் என்கிறாரே, இது முரண் இல்லையா என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அந்த ஸ்லைஸைப் பார்த்தால் முரண் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எந்தக் கை மிஞ்சும் என்பது அவர் வசத்தில் இல்லை. மிஞ்சிய கையால் என்ன ஆடுவது என்பது அவர் வசத்தில்தான் இருந்தது. போன கையை நினைத்துப் பழைய அடியையே அடிக்க முயன்றிருந்தால், அதை முயற்சி என்று சொல்லத் தயங்குவேன். ஊழை ஒப்புக்கொண்ட இடத்திலிருந்துதான் அவர் முயற்சி தொடங்குகிறது.

முயற்சி தன் வசத்தில் உள்ளதோடு நிற்கிறது, பலன் அதன் கணக்கில் இல்லை என்றால், எளிதாக ஒரு மறுப்பு வரும்: பலனை எண்ணாமல் கடமையைச் செய்வது துறவிக்குச் சரி, வெல்வதற்கென்றே களம் இறங்குபவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? பொருந்தாதுதான். ஜெயிக்க விரும்பாமல் டென்னிஸ் ஆடினால் அது டென்னிஸே இல்லை. ஆனால் வெற்றியை விரும்புவது வேறு, ஆடியதற்குக் கூலியாக அதைக் கேட்பது வேறு. கூலி கேட்பவன் அது வராதபோது ஏமாற்றப்பட்டவனாகிறான். விரும்பியவன் தோற்றவனாகிறான், அவ்வளவே. 2018 யு.எஸ். ஓப்பன் இறுதியில் ஜோகோவிச்சிடம் நேர் செட்டுகளில் தோற்ற டெல் போட்ரோவை இந்த இரண்டாவது வரிசையில்தான் வைக்க முடியும்.

இன்னொரு மறுப்பு உண்மையிலேயே கடினமானது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் அவருடைய வலது முழங்கால் சில்லு முறிந்தது. குணமாகி வந்து ஆடியவர், 2019 ஜூனில் லண்டன் புல்தரையில் வழுக்கி, அதே சில்லை மறுபடி முறித்துக்கொண்டார். அதன்பின் அறுவைமேல் அறுவை. இதை விடாமுயற்சி என்பதா, வீம்பு என்பதா? உடம்பு ஒரு கருவி மட்டுமல்ல. வலிப்பதும் அந்த மனிதனுக்குத்தானே? இந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க முடியாது. எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் ஏதும் என்னிடம் இல்லை. முடிவு தெரிந்தபின் அளந்து சொல்கிறவர்களிடமும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஸ்லைஸ் கைகொடுத்ததால் 2016 முயற்சி துணிச்சலாகவும், கால் வழுக்கியதால் 2019 முயற்சி மடமையாகவும் தெரிகிறது. இரண்டு முறையும் களம் இறங்கியபோது அவருக்குத் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுதான்.

பலனை வைத்தே அளப்போம் என்றால், நிறுத்தியதையும் அப்படியே அளக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் புவெனோஸ் ஐரிஸில், இது மறுவருகையைவிட விடைபெறுதலாகவே இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் சொந்த நாட்டுக்காரரான டெல்போனிஸோடு ஆடினார். 1-6, 3-6. கடைசி ஆட்டத்தில் அழுதபடியே சர்வீஸ் போட்டார். முடிந்ததும் தலையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து வலைமேல் போட்டுவிட்டுப் போனார். வலியில்லாமல் வாழ முடிந்தால் போதும் என்பதே அப்போது அவர் கேட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து, 2024 இறுதியில், முழங்காலில் மட்டும் எட்டு அறுவைகள் ஆகிவிட்டதாகவும் வலி இன்னும் போகவில்லை என்றும் அவரே சொன்னார்.