யாருக்கு அந்த நிமிடங்கள்?

பஸ்ஸர்பீற்றர் என்ற இணையக் கூடைப்பந்து விளையாட்டில் பந்து என்று ஒன்று கையில் வருவதில்லை. ஒரு கழகம் தரப்படும். அதை நடத்த வேண்டும். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை ஆடவிடுவது, யாரைப் பயிற்றுவது என்று முடிவெடுப்பதுதான் வேலை. ஆட்டத்தைக் கணினி ஆடிக்கொள்ளும். பாரிஸ் புறநகர் ஒன்றில் ஒரே அறையில் வசிக்கும் நாங்கள் நால்வர், எல்லோரும் உணவகக் குசினிக்காரர், இப்படியொரு கழகத்தைப் பொதுவில் வைத்திருக்கிறோம். நடுச்சாமத்துக்குப் பிறகு வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்குக் கிடையாது. சண்டை பிடிப்பதற்கும் இது உதவுகிறது.

சண்டை பெரும்பாலும் ஒரே விடயத்தைப் பற்றியது: இளம் ஆட்டக்காரரில் எவரைப் பயிற்றுவது? வாரத்துக்கு ஒரு திறனைத்தான் தெரிவுசெய்யலாம். பந்து கொடுப்பது, தூரத்திலிருந்து எறிவது, எதிராளியைத் தடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று. பிறகு அது எந்த இடத்தில் ஆடுபவருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அந்த வாரம் 48 நிமிடங்கள் ஆடியவனுக்கு முழுப் பயிற்சி, குறைய ஆடியவனுக்குக் குறைந்த பயிற்சி, ஆடாதவனுக்கு ஒன்றுமில்லை. வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள், ஒவ்வொன்றும் 48 நிமிடம். ஆக ஓரிடத்துக்கு 144 நிமிடங்கள், மூன்று பேர். நான்காமவன் வாங்கில் இருப்பான். இரண்டு இடங்களுக்குப் பயிற்சியைப் பரப்பினால் ஆறு பேர் பயன் பெறலாம். ஆனால் ஒவ்வொருவரும் மெதுவாகவே வளர்வார்கள், வயதோ காத்திருக்காது. 18 வயதில் ஏறுகிற வேகம் 25 இல் இராது.

ஒவ்வொரு இளைஞனின் பெயருக்குக் கீழும் அவனது எல்லை எழுதப்பட்டிருக்கும். 'எக்காலத்துக்கும் உயர்ந்தவன்' என்பது உச்சி. அதற்குக் கீழே நட்சத்திரம், ஆறாவது ஆள், வாங்குச் சூடேற்றி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் 'அறிவிப்பாளர்' என்று முடியும். அதாவது மைக் பிடிக்கத்தான் லாயக்கு. இந்த எல்லையைத் தாண்டி எவனையும் வளர்ப்பது மிகக் கடினம். நெருங்க நெருங்கப் பயிற்சி ஏறாது. உயரமும் மாறாது. கட்டையானவனுக்கு வெளித்திறன் சுலபமாக வரும், நெட்டையனுக்குக் கூடையடித் திறன். பதினெட்டு வயதில் ஒருவனைப் பற்றித் தெரிய வேண்டியது முழுதும் தெரிந்துவிடுகிறது. இப்படித் தெரிந்தபின் தெரிவுசெய்வதில் என்ன அநியாயம் இருக்கமுடியும்?

எங்களில் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவர்களுக்கு அரிஸ்ரோட்டில் கொஞ்சம் ஞாபகமிருக்கிறது. நல்ல புல்லாங்குழலை யாருக்குக் கொடுப்பது? செல்வனுக்கோ அழகனுக்கோ அல்ல, நன்றாக வாசிப்பவனுக்கே கொடுக்க வேண்டும் என்கிறார் அவர். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் யார் நன்றாக வாசிப்பான் என்பது ஏற்கெனவே தெரிந்த ஓர் ஊருக்குத்தான் இந்த நியாயம் பொருந்தும். குழலையே தொட்டிராத பத்துச் சிறுவர்கள் நிற்கிறார்கள், குழலோ மூன்றுதான் என்றால் அரிஸ்ரோட்டிலிடம் பதில் இல்லை. (இந்த இடத்தில் யாராவது துரோணரையும் ஏகலைவனையும் கொண்டுவருவார்கள். அது வேறு கதை. ஏகலைவனுக்கு இடமில்லாமற் போனது இடம் போதாததால் அல்ல, பிறப்பால்.)

உண்மையான கூடைப்பந்தில் பெயருக்குக் கீழே எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. 2013 இல் அமெரிக்க என்.பி.ஏ. கழகங்கள் இளம் ஆட்டக்காரரைத் தெரிவுசெய்தபோது முதலாவதாக எடுக்கப்பட்டவர் ரொறொன்ரோவில் பிறந்த அன்ரனி பெனற். பதினைந்தாவதாக எடுக்கப்பட்டவர் யானிஸ் அன்டெற்றோகூம்போ. நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்ஸில் பிறந்தவர். அவ்வருடம்வரை கிரேக்கக் குடியுரிமை இல்லாதவர். தெருவில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்ற குடும்பம். பத்திரமில்லாமல் ஒரு தேசத்தில் வளர்வது என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெனற் நான்கு பருவங்களில் நான்கு கழகங்கள் மாறி 2017 உடன் அந்த லீக்கைவிட்டுப் போய்விட்டார். யானிஸ் 2019 இலும் 2020 இலும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2021 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்துத் தனது கழகத்தை வெல்லவைத்தார்.

இதைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 'திறமை எங்கிருந்தாலும் வெளியே வரும்' என்று முடிப்பார்கள். நாங்கள் நிமிடங்களைப் பார்த்தோம். முதலாவது பருவத்தில் பெனற்றுக்குக் கிடைத்தது ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 13 நிமிடம், 52 ஆட்டங்கள். யானிஸுக்கு ஏறத்தாழ 25 நிமிடம், 77 ஆட்டங்கள். யானிஸை எடுத்த மில்வோக்கி அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 15 மட்டும் வென்ற கழகம். தோற்றுக்கொண்டிருந்தவர்களிடம் ஓர் ஒல்லிப் பையனுக்குக் கொடுக்க நிமிடங்கள் தாராளமாக இருந்தன. நிமிடங்களை மாற்றியிருந்தால் இருவரும் இடம் மாறியிருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. பெனற் தோளில் சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர், நன்றாக ஆடவுமில்லை. ஆனால் முடிவைப் பார்த்துவிட்டு 'அவனுக்குள் இருந்தது, இவனுக்குள் இருக்கவில்லை' என்று சொல்வதற்கு, இருவருக்கும் என்ன கிடைத்தது என்ற கணக்கைப் பார்க்காமல் முடியாது. யானிஸுக்குக்கூட அங்கு போவதற்கு முன்னர் ஏதென்ஸில் யாரோ ஒருவர் பந்தைக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

குசினியில் இதை நாங்கள் நாளாந்தம் காண்கிறோம். கோப்பை கழுவப் போகிறவன் கோப்பைதான் கழுவுவான். சலாட் வெட்டும் இடத்துக்கு ஆள் தேவைப்படும்போது செஃப் ஒருவனைக் கூப்பிடுவார். ஏன் அவனை? அன்று அவன் கைகாவலாக நின்றிருப்பான், அல்லது கொஞ்சம் கூடப் பிரெஞ்சு பேசியிருப்பான். இரண்டு வருடத்தில் அவன் அடுப்புக்குப் போய்விடுவான். மூன்றாம் வருடத்தில், கழுவும் தொட்டியடியில் நிற்பவனைக் காட்டி 'இவனுக்குச் சமையல் கை வராது' என்பார்கள். கத்தியைப் பிடிக்க அவனுக்கு ஒருநாளும் விடவில்லை என்பது எங்கும் எழுதப்படவில்லை.

இதைவிடச் சங்கடமான இடம் ஒன்றிருக்கிறது. எங்கள் வீடுகளில் ஒவ்வொருவரிலும் ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது. காணியை ஈடு வைத்தோ நகையை விற்றோ ஏஜென்சிக்குக் கட்டிய காசு ஒருவருக்குத்தான் போதும். யாரை அனுப்புவது? படிக்கக்கூடியவனையா, உழைக்கக்கூடியவனையா, 2009 க்குப் பிறகு பிடிபடக்கூடிய ஆபத்தில் இருந்தவனையா? ஆபத்தைப் பார்த்து அனுப்பிய வீடும் உண்டு, தங்கச்சிமாரின் சீதனத்தைப் பார்த்து அனுப்பிய வீடும் உண்டு. பெற்றோர் தெரிவுசெய்ததைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 144 நிமிடம் 144 தான். தெரிவுசெய்தது பிழையல்ல. தெரிவு உண்டாக்கிய வித்தியாசத்தைப் பிறகு ஆளின் குணமாக வாசிக்கிறோமே, அதுதான் எங்களை உறுத்துகிறது. 'ஊரில இருக்கிறவங்கள் எங்கட காசில சும்மா இருக்கிறாங்கள்' என்ற பேச்சை இங்கே எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம். அண்ணன் ஓட்டோ ஓடுகிறான், தம்பி பாரிஸில் வீடு வாங்கிவிட்டான். ஆகவே தம்பி கெட்டிக்காரன். விமானச் சீட்டு ஒன்றாக இருந்ததும், அது தம்பியின் கைக்குப் போனதும் கணக்கில் வருவதில்லை.

எங்களது விளையாட்டில் ஒரு நல்ல விடயம், ஒவ்வோர் ஆட்டத்தின் குறிப்பிலும் யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்பது நிற்கும். பின்னால் போய்ப் பார்க்கலாம். வாங்கில் இருந்தவனின் பூச்சியமும் அங்கே இருக்கும்.

இப்போதைய சண்டை மூன்றாவது இடத்தைப் பற்றியது. ஒருவன் 18 வயது, 188 சென்ரிமீற்றர், எல்லை 'சூப்பர்ஸ்டார்', இன்றைக்கு ஒன்றும் தெரியாது. மற்றவன் 19 வயது, எல்லை 'ஆறாவது ஆள்', ஆனால் பந்து கொடுக்கத் தெரிந்தவன். எங்களில் மூவர் முதலாமவனின் பக்கம். நான்காமவர் எங்களுள் மூத்தவர், இன்னும் கோப்பை கழுவுபவர். 'ஆறாவது ஆளெண்டாலும் அந்த ஆறுக்கு அவன் போய்ச் சேரவேணுமெல்லே' என்கிறார். நால்வருக்கும் 36 நிமிடமாகப் பிரிப்போம் என்பது அவருடைய யோசனை. அப்படிச் செய்தால் ஒருவனும் 48 ஐத் தொடமாட்டான் என்று சொல்லிப் பார்த்தோம். அது தனக்கும் தெரியும், பெருக்கல் தானும் படித்ததுதான் என்றார். இந்த வாரம் அப்படியே போட்டிருக்கிறோம். சரியாக 36 வருமென்றும் நிச்சயமில்லை. ஒருவன் தவறுகள் கூடி வெளியே போனால் அவனது நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவனுக்குப் போய்விடும். எட்டுக் கழகங்களில் நாங்கள் ஏழாவதாக நிற்கிறோம்.